கடுகளவு பொந்து

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் கிடக்கும் பெஞ்சுக்கு நான்கு கால்களில் ஒன்று உளுத்துவிட்டது. சுவரோரமாக இருக்கிற பின்பக்கத்துக் கால். பார்த்தால் தெரியாது, வார்னிஷ் பளபளவென்றுதான் இருக்கிறது. முந்தாநாள் நான் அதில் உட்கார்ந்தபோது விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன், அது சொல்லிவிட்டது. கனத்த ஆசாமி யாராவது உட்காருவதற்குள் மாற்றச் சொல்லுங்கள். அடிபட்ட பிறகு, முன்னாலேயே தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் ஐயா, 'இத்தையெல்லாம் வாயால சொல்லாதீங்க பெரியவரே, ஊட்ல குந்தி பொறுமையா எழுதிகினு வாங்க' என்றீர்கள். என்னை வெளியே அனுப்புவதற்காகச் சொன்னது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவிட்டேன். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. மூன்று முழு நாள் உட்கார்ந்து எழுதுவேன் என்று நினைத்தேன், ஒன்றரை நாளில் முடிந்துவிட்டது. பேனாவும் நானும் ஒரே உற்சாகத்தில் இருந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் லோகநாதன். வயது அறுபத்தொன்று. ஊர் அம்பத்தூர், ஏரிக்கரைப் பக்கம். ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் ஜல்லி இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். 'ஜல்லிக்குக் கூடவா இன்ஸ்பெக்டரு' என்று உங்கள் ரைட்டர் சிரித்தார். சிரிக்கட்டும். தண்டவாளத்துக்கு அடியில் கொட்டுகிற கல் நல்ல கல்லா, உள்ளே பொக்கையா என்று பார்த்து வாங்குவது என் உத்தியோகம். பார்த்து என்றால் கண்ணால் இல்லை. ஒரு சின்னச் சுத்தியல், ஒரு தட்டு. நல்ல கல் வெண்கலக் கிண்ணம் மாதிரி பேசும். கெட்ட கல் பூசணிக்காய் மாதிரி முனகும். நான் 'கெட்டி' என்றால் வண்டியில் ஏறும். உதட்டைப் பிதுக்கினால் பள்ளத்துக்குப் போகும்.

நான் தட்டிய கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பரங்கிமலை வெட்கப்பட்டுப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். மெட்ராஸிலிருந்து ராய்ச்சூர் வரைக்கும் ஒரு ரயில் குலுங்காமல் போகிறதென்றால் பாதிப் புண்ணியம் என்ஜினுக்கு, மீதி என் வலது காதுக்கு. அடுத்த தெருவில் யாராவது பலாப்பழத்தைத் தட்டினால் எத்தனை சுளை என்று இங்கிருந்தே சொல்வேன். பத்துக்கு ஒன்று தப்பலாம். காதைப் பற்றி இவ்வளவு ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வழக்கு முழுக்க அதைப் பற்றியதுதான். வேறு எதைப் பற்றியும் இல்லை. பொறாமை என்று உங்கள் ரைட்டர் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்; அதை அடிக்கச் சொல்லுங்கள்.

இனி என் கல்லுக்கு வருகிறேன்.

1918இல் ராய்ச்சூருக்கு அப்பால் ஒரு கல்குழியில், கறுப்புப் பாறைக்குள்ளிருந்து உருண்டையாக ஒன்று கழன்று, உருண்டு வந்து, என் காலடியில் நின்றது. உரித்த தேங்காய் அளவு. அந்தப் பக்கத்துக் கல்லுடைக்கிறவர்கள் ஒன்று சொல்வார்கள். இப்படி உருண்டையாகக் கழன்று வருகிற கற்களில் சிலவற்றுக்குள் வெற்றிடம் இருக்கும், அதன் சுவர் முழுக்கப் பளிங்கு முளைத்திருக்கும், உடைத்தால் கண் கூசும் என்று. நான் அதை எடுத்துத் தட்டினேன். உள்ளே பொந்து என்று முடிவு செய்தேன். துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கொஞ்சம் கனம்தான். பளிங்கு தடிமனாக இருந்தால் கனக்காதா?

வந்தவர் போனவரிடமெல்லாம் அதைக் காட்டினேன். உள்ளே ஒரு பளிங்கு மண்டபம் இருக்கிறது என்பேன். வருஷம் ஆக ஆக மண்டபமும் வளர்ந்தது. முதல் வருஷம் வெள்ளைப் பளிங்கு. 1925 வாக்கில் ஊதாவாக மாறிவிட்டது. நான் ஓய்வு பெற்ற அன்று நடந்த விருந்தில், மண்டபத்தின் நடுவே சிவப்புக் கல் ஒன்று சரவிளக்கு மாதிரி தொங்கியது. எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஒருவன் மட்டும் சிரித்தான்.

அவன்தான் கங்காதரன். என் பக்கத்து வீட்டுக்காரன். டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். கல்லுக்கும் அவனுக்கும் இருந்த ஒரே சம்பந்தம், எப்போதாவது சோற்றில் கடிபடுவதுதான். நல்லவன். அதையும் எழுதுகிறேன். தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பான்: "இன்னா மச்சான், உம் மண்டபத்துக்குக் கும்பாபிசேகம் எப்போ?"

"உடைத்தால் போயிற்று. உடைக்காத வரைக்கும்தான் மண்டபம்" என்பேன்.

"ஒடைக்காத வரைக்கும் எங்கூட்டு அம்மிக்குள்ளகூட மண்டபம் கீது மச்சான்."

இருபத்தாறு வருஷம் இதே பேச்சு. எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

சென்ற ஆவணியில், பிள்ளையார் சதுர்த்தி அன்று, கங்காதரன் லெவல் கிராஸிங் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனான். அதற்கு நான்கு நாள் முன்னால் ஆவடிப் பக்கம் உலாவப் போனவன், பட்டாளத்துக்காகப் புதிதாகப் போடுகிற சைடிங், அதாவது கிளைத் தண்டவாளத்தின் ஓரத்தில், ஓர் உருண்டைக் கல்லில் கால் விரலை இடித்துக்கொண்டிருக்கிறான். விரல் வீங்கிவிட்டது. கோபத்தில் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, தேங்காய் உடைக்க ஆகும் என்று பிள்ளையார் முன்னால் போட்டிருக்கிறான். சதுர்த்தி அன்று அதன்மேல் தேங்காயை ஓங்கிப் போட்டான்.

தேங்காய் உடையவில்லை. கல் உடைந்தது.

இதை நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். பிள்ளையாரைக் கேட்டுப் பாருங்கள். கல் இரண்டாகப் பிளந்தது, உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் பளிங்கு. ஆயிரம் முனை, பத்தாயிரம் முனை, எல்லாம் நடுவைப் பார்த்துக்கொண்டு. ஓடு ஒரு விரல் தடிமன்கூட இல்லை. நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் தாராளமாகப் படுத்துக்கொள்ளலாம்.

முப்பத்திரண்டு வருஷம் நான் லட்சம் கல்லைத் தட்டினேன். அவன் ஒரு கல்லில் இடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலத்துக்குள் அம்பத்தூரே அவன் வாசலில் நின்றது. கொரட்டூரிலிருந்து வந்தார்கள், திருமுல்லைவாயலிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். என் மனைவி தாட்சாயிணியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்று சொன்னாள்: "இன்னாங்க, அதுக்குள்ள வானமே கீதுங்க. நம்மளுதும் இருவத்தாறு வருசமா குந்திகினு கீது."

மறுநாள் பார்த்தேன், ஊறுகாய் ஜாடி மூடிமேல் என் கல்லைப் பாரமாக வைத்திருந்தாள். எடுத்துத் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன். அடுத்த நாள் மறுபடி ஜாடிமேல் இருந்தது.

பிறகு கேப்டன் துரை வந்தார். ஆவடியில் பட்டாளத்து டிப்போ வந்த பிறகு இந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள் நடமாட்டம் உங்களுக்குத் தெரியும். இவர் யுத்தத்துக்கு முன்னால் தம் தேசத்தில் கல்லைப் பற்றிப் பாடம் சொன்னவராம். விஷயம் கேள்விப்பட்டு ஜீப்பில் கங்காதரன் வீட்டுக்கே வந்துவிட்டார். கங்காதரனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் டிக்கெட் ஜன்னல் அளவுதான். ஆகையால் என்னைக் கூப்பிட்டார்கள். அவனைப் புகழ்வதை எல்லாம் நான்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது.

தென்னிந்தியாவில் தாம் பார்த்த கற்களில் இதுதான் மிக அழகானது என்று துரை கால் மணி நேரம் பேசினார். "நல்லா இருக்குதாம்" என்று நான் சொன்னேன்.

"அவ்ளோதானா மச்சான்? கைய கைய ஆட்டிகினு எவ்ளோ பேசினாரு" என்றான் கங்காதரன்.

"இங்கிலீஷ் அப்படித்தான், நீளமாக வரும்" என்றேன்.

துரை இதற்கு ஜியோடு என்று பெயர் சொன்னார். எதை ஜியோடு என்பது, எதை அப்படிச் சொல்லக்கூடாது என்பதை விரல் மடக்கி விளக்கினார். உள்ளே வெற்றிடம் இருக்கவேண்டும். முழுக்க அடைத்துக்கொண்டிருந்தால் அது வெறும் கல்முடிச்சு, பெயரே வேறு. வெற்றிடத்தின் சுவரில் பளிங்கு வளர்ந்திருக்கவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அதற்கென்று சொந்தமாக ஓர் ஓடு வேண்டும், சுற்றியிருக்கிற பாறையைவிட்டு முழுசாகக் கழன்று வரவேண்டும். பாறையோடு பாறையாகப் பளிங்கு ஒட்டிக்கொண்டிருந்தால், அது எத்தனை மின்னினாலும் பாறையில் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். எனக்கு அந்த வரையறை ரொம்பப் பிடித்திருந்தது. என் உத்தியோகம் முழுக்க நானும் அதைத்தானே செய்தேன்: இது சேரும், இது சேராது.

"வெற்றிடம் எவ்வளவு இருக்கவேண்டும்?" என்று கேட்டேன்.

துரை சிரித்துவிட்டு, அதற்கு அளவு கிடையாது, கடுகளவு இருந்தாலும் ஜியோடுதான் என்றார்.

வரும் பொங்கலுக்கு யுத்த நிதிக்காக ஆவடியில் பொருட்காட்சி நடத்தப்போவதாகவும், அதில் கண்ணாடிப் பெட்டிக்குள் வகைக்கு ஒரு கல் வைக்கப்போவதாகவும் சொன்னார். ஒவ்வொரு கல்லுக்குக் கீழும் ஒரு கார்டு. அதில் கல்லின் பெயர், அதன் வரையறை, அதைக் கண்டெடுத்தவர் பெயர். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று.

வகைக்கு ஒன்றுதான்.

நான் வீட்டுக்குப் போய், ஜாடிமேலிருந்த கல்லைத் துடைத்துக்கொண்டு வந்து துரை கையில் கொடுத்தேன். அவர் உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை மேலும் கீழும் தூக்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். உடைத்துக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லி, ரொம்ப மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஏன் உடைக்கவில்லை என்று நீங்களும் கேட்டீர்கள். தெரிந்த விஷயத்தை எதற்கு உடைத்துப் பார்ப்பது?

அதன் பிறகு இரண்டு மாதம் கங்காதரனோடு நான் அதிகம் பேசவில்லை. சண்டையில்லை. அவன் சிரித்தால் நானும் சிரிப்பேன். யுத்த நெருக்கடியில் ஆள் பற்றாக்குறை என்று ரயில்வேயில் என்னைத் தினக்கூலிக்கு மறுபடி கூப்பிட்டிருந்தார்கள். ஆவடி சைடிங்குக்கு வருகிற கல்லைத் தட்டிப் பார்க்கிற வேலை. காலை பாசஞ்சரில் போவேன். வேப்பம்பட்டிலிருந்து எல்லம்மா என்று ஒருத்தி கல் உடைக்க வருவாள், அவளும் எதிர்ப்பக்க வண்டியில் அதே நேரத்துக்கு வந்து இறங்குவாள். 'நைனா, இன்னிக்கு எத்தினி கல்லுக்குக் காது குத்தப்போறே' என்பாள். அப்படித்தான் நாள் போய்க்கொண்டிருந்தது.

ஐப்பசியில் வடக்கேயிருந்து ஒரு வண்டியில் பெரிய பாறை ஒன்று வந்தது. யானை அளவு. சரி, எருமை அளவு. நீங்கள் போய் அளந்து பார்ப்பீர்கள். கிரேனில் இறக்கியவர்கள், மறுபடி சங்கிலி போட வசதியாக இருக்கட்டும் என்று, இரண்டு பக்கமும் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நான்கு நான்காக அடுக்கி அதன்மேல் பாறையை வைத்துவிட்டுப் போனார்கள். அடியில் ஓர் ஆள் மல்லாந்து படுத்து நுழையலாம்.

சனிக்கிழமை நான் குனிந்து பார்த்தேன். பாறையின் அடிவயிற்றில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பொந்து. உள்ளே பளிங்கு. வெளிச்சம் பட்டதும் என் முகத்தின்மேல் புள்ளி புள்ளியாக விழுந்தது. கையை மட்டும் நீட்டி விளிம்பைத் தடவினேன், தட்டினேன். ஓடு இல்லை. பளிங்கு நேராகப் பாறையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. துரையின் வரையறைப்படி அது ஜியோடு இல்லை, ஓட்டை. வருஷக்கணக்கில் உளியால் செதுக்கினாலும் கழன்று வராது.

கையை மட்டும் ஏன் நீட்டினீர்கள், உள்ளே ஏன் நுழையவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். கட்டைகளையும் தட்டிப் பார்த்திருந்தேன். கிழக்குப் பக்கத்து அடுக்கில், கீழிருந்து இரண்டாவது கட்டை உளுத்திருந்தது. வெளியே பார்த்தால் இரும்பு மாதிரி. உள்ளே நான்கு விரல் அகலத்துக்கு வெற்றிடம். அதற்கும் ஓடு இருந்தது, பொந்து இருந்தது, பளிங்குதான் இல்லை. சும்மா இருக்கிற பாறையை அது தாங்கும். யாராவது அடியில் படுத்து உளியால் நாலு அடி அடித்தால் தாங்காது.

இந்த இரண்டும் எனக்குச் சனிக்கிழமையே தெரியும் என்பதைக் கட்டம் கட்டி எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் கங்காதரன் வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு போகிறேன். அவன் மனைவி வரலட்சுமி சுண்டல் கொடுத்தாள். பாறையைப் பற்றிச் சொன்னேன். தட்டு அகலம் என்று சொல்லவில்லை, அண்டா அகலம் என்றேன். உனக்குத்தான் ராசியான கை, நீ வந்து எடு என்றேன்.

அவன் சுண்டல் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவைத்தான். பிறகு சொன்னான்: "எனக்கு ஒண்ணு போதும் மச்சான். இத்த உனக்கு எடுத்துத் தரேன். தொர கார்டுல உம் பேரு வரட்டும். ரெண்டு மாசமா நீ மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீறே. வரலட்சுமிகூட கேக்குறா, அண்ணாத்தேக்கு இன்னா ஆச்சுன்னு."

மறைக்க ஒன்றுமில்லை. அவன் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட்டைத் தள்ளுவதுபோல ஒரு ஜியோடைத் தள்ளுவான், நான் வரிசையில் நின்று கை நீட்டி வாங்கிக்கொண்டு நகரவேண்டும். அப்போதுகூட, வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சுண்டல் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணி. பட்டாளத்து வேலைக்கு ஞாயிறு கிடையாது. ஆனால் கிரேன் ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பத்தடி தள்ளி எல்லம்மா சாக்கு விரித்துக் கல் உடைத்துக்கொண்டிருந்தாள். கங்காதரன் உளியும் சுத்தியலும் இரவல் வாங்கி வந்திருந்தான். சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தான். குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான்:

"கட்ட தாங்குமா மச்சான்? உங் காதக் கேட்டுச் சொல்லு."

நான் சுத்தியலை எடுத்து ஒவ்வொரு கட்டையாகத் தட்டினேன். மேற்குப் பக்கம் நான்கு. கிழக்குப் பக்கம் கீழ்க்கட்டை. பிறகு அந்தக் கட்டை. பூசணிக்காய் மாதிரி முனகியது. அவ்வளவு தெளிவாக ஒரு பொந்து என்னிடம் பேசியதே இல்லை.

"கெட்டி" என்றேன்.

எல்லம்மா கையை நிறுத்தினாள். "நைனா, அந்தக் கட்டைய இன்னொரு வாட்டி தட்டேன்."

"தட்டியாச்சு. நீ உன் கல்லைப் பாரு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கங்காதரன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாம்மே நீ. ரயிலையே தாங்கின காது அது" என்று சொல்லிவிட்டு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். முட்டிக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. கால் விரலில் பழைய காயம் ஆறி, நகம் புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மச்சான், இன்னா பளபளப்பு. உன் மண்டபம் இதாண்டா." பிறகு உளிச் சத்தம். எண்ணினேன். ஏழாவது அடியில் பாறை ஒரு சாண் இறங்கியது. ஒரு சாண்தான். பிறகு பட்டாளத்து ஆட்கள் அளந்தார்கள், ஒன்பது அங்குலம்.

நான் கத்தினேன், ஓடினேன், அழுதேன். எல்லாம் முறைப்படி நடந்தது. அதற்கு முன்னால் ஒன்று செய்தேன், அதை யாரும் பார்க்கவில்லை. முறிந்த கட்டையின் துண்டைக் குனிந்து பார்த்தேன். உள்ளே வெற்றிடம் சரியாக நான்கு விரல். விரலை வைத்துப் பார்த்தேன். மனசுக்கு ஒரு நிறைவு.

விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்தது. மழையில் ஊறிய கட்டைக்குக் குரல் மாறும் என்று ஓர் அதிகாரி எனக்காகவே எடுத்துச் சொன்னார். டாக்டர் என் இரண்டு காதிலும் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, வயசு என்று எழுதினார். எல்லம்மாவைக் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்து, "நைனாக்கு வயசாயிட்ச்சு சாமி. முன்ன மாரி இல்ல" என்றாள். எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டாள். விபத்து என்று முடித்தார்கள்.

துரை கண்ணாடிப் பெட்டிக்கான கார்டை இப்போதே அச்சடித்துவிட்டார். கறுப்புப் பட்டை போட்ட கார்டு. 'கண்டெடுத்தவர் கங்காதரன். இன்னொரு ஜியோடைத் தேடுகையில் உயிர் நீத்தவர்' என்று போட்டிருக்கிறது. நான் போய்ப் பார்த்து, அது ஜியோடே இல்லை, ஓட்டை, உங்கள் வரையறைப்படியே சேராது, ஆகையால் அந்த வாக்கியம் தவறு என்று சொன்னேன். துரை என் தோளில் கையை வைத்து அழுத்தினார். அழுகிறேன் என்று நினைத்தார் போலும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பத்தாம் நாள் வரலட்சுமி என் வீட்டுக்கு வந்தாள். என் முன்னால் உட்கார்ந்து, குனிந்து, என் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுவந்து உரக்கச் சொன்னாள்:

"நீங்க இன்னா பண்ணுவீங்க அண்ணாத்தே. காது போன மனுசன நம்பி அவருதான் உள்ள போனாரு. உங்கமேல எனக்கு வருத்தமே இல்ல."

அன்றிலிருந்து ஊரே என்னிடம் உரக்கப் பேசுகிறது. மளிகைக் கடைக்காரர் கையைக் குவித்துக்கொண்டு 'புளி வந்துட்ச்சு' என்று கத்துகிறார். ரயிலில் முன்பின் தெரியாதவன் கையால் சைகை காட்டி இடம் கொடுக்கிறான். சைடிங்கில் என் சுத்தியலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தாட்சாயிணி சாப்பிடக் கூப்பிடுவதற்குத் தட்டைத் தரையில் தட்டுகிறாள். அது வெண்கலம் இல்லை, பித்தளை என்று எனக்குக் கேட்கிறது. யாரிடம் சொல்ல?

ஆகையால் உங்களிடம் வந்தேன். என் காது சரியாக இருந்தது, நான் சொன்னதுதான் பொய் என்று சொன்னேன். நீங்கள் என்னை உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்தீர்கள். என் பையைப் பார்த்து, "அதுல இன்னா கல்லு பெரியவரே?" என்றீர்கள். சொன்னேன். "உங்க காது அவ்ளோ கரெக்ட்டுன்னா, இதுக்குள்ள பொந்து கீதுன்றீங்களா?" என்றீர்கள். இருக்கிறது என்றேன். கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுக் கடப்பாரையால் போடச் சொன்னீர்கள். மூன்றாவது அடியில் இரண்டாகப் பிளந்தது.

இரண்டு பாதியையும் என் முகத்துக்கு நேரே காட்டினீர்கள். "பாத்தீங்களா. கொட்டப்பாக்கு மாரி கெட்டி. இருவத்தாறு வருசமா இதையே பொந்துன்னு கேட்டுகினு இருந்திருக்கீங்க. அந்தக் கட்டையும் இப்டித்தான் தப்பாக் கேட்டிருக்கும். குத்தம் காதுமேல, உங்கமேல இல்ல. ஊட்டுக்குப் போங்க."

நீங்கள் நல்ல மனுஷர். மூன்றே அடியில் என்னை விடுதலை செய்துவிட்டீர்கள். ரயிலில் உட்கார்ந்தவன் அம்பத்தூர் வந்த பிறகும் எழுந்திருக்கவே இல்லை. யாரோ கையைப் பிடித்து ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

தாட்சாயிணி இரண்டு பாதியையும் பார்த்தாள். ஒரு பாதியை ஊறுகாய் ஜாடிமேல் வைத்தாள். மற்றொரு பாதியை இந்தக் காகிதத்தோடு உங்களுக்கு அனுப்புகிறேன்.

அதை வெயிலில் பிடித்து, ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நடுவில், கொஞ்சம் இடப்பக்கமாக, ஒரு புள்ளி இருக்கிறது. நேற்று ராத்திரி முழுக்க விளக்கடியில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அழுக்கு இல்லை. ஊசியால் குத்திப் பார்த்துவிட்டேன். ஒரு கடுகு தாராளமாக உட்காரும். சுற்றிலும் பளிங்குகூட இருக்கிறது, பொறுமையாகப் பார்த்தால் தெரியும். அளவு முக்கியமில்லை என்று துரையே சொல்லியிருக்கிறார், அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கடுகளவு பொந்தையே இருபத்தாறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த காது, ஒரு கட்டைக்குள் இருந்த நான்கு விரல் பொந்தைக் கேட்காமல் போயிருக்குமா ஐயா? கேட்டது. நன்றாகக் கேட்டது. கேட்டுத்தான் கெட்டி என்று சொன்னேன்.